கதவு டியூட்டி

மார்கழி சீசனில் சபாவுக்கு வாலண்டியராகப் போகிறேன் என்று சொன்னால் ஆபீஸில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அப்ப தினமும் ஓசியில கச்சேரி கேக்கலாம்ல?" கேட்கலாம்தான். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதி நேரம் மூடின கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்கலாம்.

சபாவின் பெயர் வேண்டாம். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை வட்டாரத்தில் நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிற சபாக்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரம்பூர்க்காரி. வீட்டில் யாரும் பாட்டு கற்றுக்கொண்டதில்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. எங்களுக்கு உயிர் போகிற மாதம் மார்ச். டிசம்பர் கடைசியில் லீவு கேட்டால் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் 1927-ஆம் ஆண்டு காங்கிரஸ்காரர்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். அவர்கள் டிசம்பரில் சென்னையில் மாநாடு கூட்டி, அதோடு ஒரு இசை மாநாட்டையும் நடத்தினார்கள். அதிலிருந்து அடுத்த வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. ஊர் முழுக்க டிசம்பரில் பாடுகிற வழக்கம் அப்படி வலுத்தது. மே மாத வெயிலில் இத்தனை பட்டுப்புடவைகளை யார் உட்காரவைக்க முடியும்?

முதல் வருஷம் எனக்குக் கொடுத்தது பால்கனிக் கதவு. ஒரு பேட்ஜ், ஒரு சின்ன டார்ச், ஒரு வரி உத்தரவு: "பாட்டு நடுவில யாரையும் விடாதீங்க. கைதட்டல் கேட்டா திறங்க."

இந்த உத்தரவை எழுதியவர் கதவில் நின்றதில்லை என்று இப்போது அடித்துச் சொல்வேன். கச்சேரியில் கைதட்டல் பல இடத்தில் வரும். தாளமும் பாட்டு வரியும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுகிற ஆலாபனையைப் பாடகர் முடித்ததும் தட்டுவார்கள். அப்போது கதவைத் திறந்தால் வெளியே காத்திருந்த முப்பது பேரும் திமுதிமுவென்று உள்ளே வருவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் வயலின்காரர் அதே ராகத்தைத் தன் பங்குக்கு எடுத்திருப்பார். அவருக்குக் கிடைக்கிற ஐந்தாறு நிமிஷமும் செருப்புச் சத்தத்திலும் "எக்ஸ்க்யூஸ் மீ"யிலும் கரைந்து போகும். பக்கவாத்தியம் என்றால் பக்கத்தில் போட்டுவிடலாம் என்ற எண்ணம் ஜனங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதற்குக் கதவும் துணைபோகக்கூடாது.

கீழ்க்கதவில் நின்றவர் ரயில்வேயில் ரிடையர் ஆனவர். எத்தனையோ வருஷமாக இதே வேலையைச் செய்கிறார். இரண்டாம் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கைதட்டலை நம்பாதேம்மா. மிருதங்கத்தை நம்பு."

அவர் கணக்கு இது. மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்து நின்று, அப்போது கைதட்டல் வந்தால் உருப்படி, அதாவது அந்தப் பாட்டு, முடிந்தது, திற. வெகுநேரமாக மிருதங்கமே கேட்காமல் இருந்து கைதட்டல் வந்தால் அது ஆலாபனை முடிவு, அடுத்தது வயலின், திறக்காதே. மிருதங்கம் ஓடிக்கொண்டே இருக்கும்போது கைதட்டல் வந்தால் ஸரிகம பாடுகிற ஸ்வரத்திலோ, ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவலிலோ எதையோ ரசித்திருக்கிறார்கள், அப்போதும் திறக்காதே. எந்தப் பாட்டு வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாக ஒரு கச்சேரியின் அமைப்பைச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கம்பெனியில் வவுச்சர் சரிபார்க்கிற எனக்கு இது உடனே பிடிபட்டது. மூன்று நிபந்தனை, ஒரு முடிவு.

இந்த வித்தை நடப்பதற்குக் காரணம், கச்சேரிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போவதுதான். முதலில் வர்ணம், விறுவிறுப்பாக ஒன்றிரண்டு, நடுவில் நிதானமாக ஒன்று, பிறகு மெயின் என்கிற பெரிய உருப்படி, அதில் தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த பத்ததி, அதாவது முறை, என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர் 1967-லேயே காலமாகிவிட்டார். இன்றும் கதவு திறப்பதும் மூடுவதும் அவர் போட்ட அட்டவணைப்படிதான். வரிசையை மாற்றிப் பாடுகிற வித்வான்களும் இருக்கிறார்கள். பாட்டு விமர்சகர்களுக்கு அதில் பெரிய தர்க்கம் உண்டு. என் கவலையெல்லாம் சின்னது: எப்போது திறப்பது?

வெளியே காத்திருப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு நேரம் ஆகும்?" இல்லை. "என்ன ராகம் போயிண்டிருக்கு?" என்பதுதான். பேட்ஜ் போட்டவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்ற நம்பிக்கை. முதல் வருஷம் அக்கம்பக்கத்தில் நிற்கிற யாராவது பதில் சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். பிறகு கதவுப் பிளவில் காதை வைத்து வைத்துக் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்தது. ஆபோகியா ஸ்ரீரஞ்சனியா என்று ஒரு தாத்தாவும் பாட்டியும் கதவருகே தம்பதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நிஷாதம் விழறதா பாருங்கோ, விழுந்தா ஸ்ரீரஞ்சனி" என்று பாட்டி சொன்னார். நிஷாதம் என்றால் ஸரிகமபதநியில் 'நி'. நிஷாதம் விழுவதென்றால் என்ன சத்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்குப் பத்துக்கு ஏழு தரம் சொல்லிவிடுவேன். மீதி மூன்றுக்கு, "இப்பத்தான் டியூட்டி மாத்தினாங்க, சார்."

மாலை ஆறரை மணிக் கச்சேரிதான் கூட்டம். மத்தியானம் பாடுகிற சின்னவர்களுக்கு டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. அரங்கில் பாதிப் பேர் ஏசிக்காக வந்து தூங்குகிறவர்கள். அவர்களை எழுப்பக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி; குறட்டை மேடைக்கு எட்டினால் மட்டும் விலக்கு. அந்த நேரத்தில் கதவில் நிற்பது நிஜமாகவே சுகம். காலி இருக்கைகளுக்கு நடுவே ஒரு பெண் தோடி பாடிக்கொண்டிருப்பாள். அவள் அம்மா முதல் வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே பாடுவார்.

ஏசியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முன்வரிசையில் ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாக உட்கார்ந்து "குறைக்கச் சொல்லுங்கோ" என்பார்கள். பால்கனியில் நோட்டீஸால் விசிறிக்கொண்டு "போட்டிருக்கீங்களா இல்லையா?" என்பார்கள். இரண்டு தரப்பிடமும் "சொல்லிட்டேன் சார்" என்று சொல்வது வாலண்டியர் தர்மம். ஏசி ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

டிக்கெட் தீர்ந்துபோகிற பெரிய கச்சேரிகளுக்கு மேடையிலேயே, பாடுகிறவர்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஆட்களை உட்காரவைப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது தனி டியூட்டி. மேடை ஏற்றுமுன் நான் சொல்வது: போனை அணைத்துவிடுங்கள், தண்ணீர் பாட்டிலை உருளவிடாதீர்கள், பாத்ரூம் போகவேண்டியவர்கள் இப்போதே போய்விடுங்கள். மூன்றாவதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இரண்டரை மணி நேரம் ஆயிரம் பேர் பார்வையில் நடுவில் எழுந்திருக்க முடியாது என்பது கச்சேரி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. முன்பக்கம் சில வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் ஸ்பான்சர் கம்பெனிகளுக்கும் ஒதுக்கியவை. பாஸ் வாங்கியவர்கள் பலர் வருவதில்லை. டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள், அல்லது மேஜை டிராயரிலேயே கிடக்கும். பின்னால் விடியற்காலையில் வந்து வரிசையில் நின்று டெய்லி டிக்கெட் வாங்கியவர் தூணுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்னால் மெத்தை போட்ட நாற்காலிகள் சும்மா கிடக்கும். மூன்றாவது உருப்படிக்குப் பிறகு காலி இடங்களில் பின்னாலிருப்பவர்களை உட்காரவைக்கலாமே என்று கேட்டேன். "அவா திடீர்னு வந்துட்டா?" என்றார்கள். வந்துவிட்டால் எழுந்து இடம் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் பேட்ஜ் போட்டவர்களுக்குள் ஒரு அச்சம் இருக்கிறது. யாரைத் தடுக்கலாம், யாரைத் தடுக்கக்கூடாது என்று கதவில் நிற்கிறவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. காரிலிருந்து இறங்குகிற விதத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கிறோம். ஆலாபனை நடுவில் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு போனவர்களில் ஒருவரைக்கூட நான் பால்கனி டிக்கெட்டோடு பார்த்ததில்லை.

அம்மாவை ஒருநாள் அழைத்துப் போனேன். பாதிக் கச்சேரி பொறுமையாக இருந்துவிட்டு, கதவருகே வந்து, "தமிழ்ப் பாட்டு எப்பம்மா வரும்?" என்றார். "கடைசியில வரும்மா, துக்கடாவுல." "அப்ப அதுக்கு வந்திருக்கலாமே" என்றார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முக்கிய இடம் வேண்டும் என்று 1943-ல் தமிழிசைச் சங்கம் ஆரம்பிக்கும்போது நடந்த வாதத்தை இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அடுத்த வாரம் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போனோம். பெரம்பூரிலிருந்து அதுதான் கிட்டவும். அங்கே கதவில் நின்ற பையன், நாங்கள் நேரம் கழித்து வந்தபோது, மிருதங்கம் நிற்கிறவரை எங்களைக் காத்திருக்கச் சொன்னான். அவனைப் பார்த்துச் சிரித்தேன், ஏனென்று அவனுக்குப் புரிந்திருக்காது.

2023 செப்டம்பரில் ஈ.சி.ஆரில் பனையூரில் நடந்த பெரிய சினிமா இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் செய்திப் படங்களில் என் கண் போனது நுழைவாயிலில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகளிடம். உள்ளே இடமில்லை என்பது அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? கூட்டம் ஆயிரமோ பத்தாயிரமோ, வாசலில் நிற்கிறவருக்கு உள் நிலவரம் தெரியாவிட்டால் அவரும் கூட்டத்தில் ஒருவர்தான்.

இனி தனி ஆவர்த்தனம். மெயின் பாட்டில் ஸ்வரம் முடிந்து பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அந்த வினாடியில் அரங்கில் கால்வாசி எழுந்திருக்கும். கதவில் நின்று பார்த்தால்தான் தெரியும், அது எவ்வளவு வேகம் என்று. கேன்டீன், பாத்ரூம், ஆட்டோ. மிருதங்கக்காரர் பல மணி நேரம் சாதகம் செய்துகொண்டு வந்ததை வாசிக்கத் தொடங்குவது முதுகுகளுக்கு. பாடகர் தாளம் போட்டுக்கொண்டு இதையெல்லாம் நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கவேண்டும். அது முகத்தில் தெரியாமலிருக்க நல்ல பயிற்சி வேண்டும்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, எழுபது வயதுக்காரர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பதில் தப்பில்லை என்று பட்டது. பிரச்சினை போவதில் இல்லை, திரும்பி வருவதில். காபி கையிலிருக்க, உள்ளே எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பார்கள். தனி முடிந்து பாட்டு திரும்ப எடுத்தபிறகு ஓடிவருவார்கள், கதவு மூடியிருக்கும், சண்டை.

இதற்கும் ரயில்வேக்காரர்தான் வழி சொன்னார். மிருதங்கமும் கடமும், அல்லது கஞ்சிராவும், மாறி மாறி வாசித்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் குறைப்பு எடுப்பார்கள். எட்டு ஆவர்த்தனம் வாசித்தவர் நாலு, நாலு இரண்டாகி, ஒன்றாகி, பாதியாகிச் சுருங்கும். பிறகு இருவரும் சேர்ந்து முடிப்புக்குக் கொண்டுபோகிற மோரா, முடித்துவைக்கிற கடைசிக் கோர்வை மூன்று தரம், பாட்டு. குறைப்பு தொடங்கிவிட்டால் இன்னும் சில நிமிஷம்தான். இது காதில் விழுந்ததும் நான் கேன்டீன் வாசலுக்குப் போய் "குறைப்பு ஆரம்பிச்சாச்சு!" என்று குரல் கொடுப்பேன். முதல்நாள் எல்லோரும் திகைத்தார்கள். சீசன் முடிவதற்குள் கேன்டீன் சப்ளையர் பையனே என்னைக் கண்டதும் "குறைப்பு, குறைப்பு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டான். ரவா தோசைக்குக் காத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வருவார்கள். கோர்வை மூன்றாம் தரம் வந்து சேரும்போது அரங்கம் அனேகமாக நிரம்பியிருக்கும். கைதட்டலும் நிறைவாக இருக்கும். கடம் வாசித்தவர் ஒருவர் கச்சேரி முடிந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "இங்க மட்டும் எப்படி எல்லாரும் திரும்பி வர்றாங்க?" என்று செக்ரட்டரியிடம் கேட்டாராம். செக்ரட்டரி, ரசிகர்களின் தரம் என்றாராம்.

சென்ற சீசன் முடிவில் செக்ரட்டரியிடம் ஒரு யோசனை சொன்னேன். கேன்டீனில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து மேடைச் சத்தத்தைக் கொடுத்துவிட்டால் நான் கத்தவேண்டியதில்லை, சாப்பிட்டுக்கொண்டே தனியும் கேட்கலாம் என்று. நல்ல யோசனை என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஸ்பீக்கர் வைத்தால் ஜனங்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், மேஜை காலியாகாது, வியாபாரம் போகும் என்று கேன்டீன் காண்ட்ராக்டர் சொல்வாரே என்றார். "எதுக்கும் அவரைக் கேட்டுட்டுச் சொல்றேம்மா." நவம்பர் வந்துவிட்டது. பேட்ஜுக்கு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் பற்றித் தகவல் இல்லை.