அல்லியை நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள்

அல்லிகளின் பேரினமான நிம்ஃபேயாவுக்கு லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டார். இன்று அதை ஐந்து துணைப்பேரினங்களாகப் பிரிக்கிறார்கள். இனம் காண வருபவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை, வழுக்குவதும் அங்கேதான். நிம்ஃபேயா நௌச்சாலி என்ற ஒரே இனம் நீலமாகவும் பூக்கும், வெள்ளையாகவும் பூக்கும்.

முதலில் பூக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடினால் அது லோட்டோஸ் அல்லது ஹைட்ரோகாலிஸ் துணைப்பேரினம். பின்னது அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. அடுத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் கூரிய பற்கள், அடியில் மென்மயிர் என்றால் பெரும்பாலும் லோட்டோஸைச் சேர்ந்த நிம்ஃபேயா பியூபசென்ஸ் இனம். இளம் இலையை நம்ப வேண்டாம், முதிர்ந்த மிதக்கும் இலைதான் வேண்டும்.

உறுதியான சான்று சூலகத்தில், அதாவது பூவின் நடுவே விதை உருவாகும் பகுதியில், இருக்கிறது. கூரிய பிளேடால் குறுக்கே வெட்டி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அடுத்தடுத்த அறைகளுக்கு நடுவே ஒரே சுவர் இருந்தால் சூலக இலைகள் (அந்த அறைகளாக அமையும் உறுப்புகள்) இணைந்தவை: லோட்டோஸ், ஹைட்ரோகாலிஸ், பேரினத்தின் பெயரையே கொண்ட நிம்ஃபேயா ஆகிய துணைப்பேரினங்கள். மெல்லிய இடைவெளியோடு இரட்டைச் சுவர் தெரிந்தால் பிராக்கிசெராஸ் அல்லது அனெக்ஃபியா. அழுகத் தொடங்கிய பூவில் இந்த இடைவெளி தெரியாது. அன்றன்று பறித்ததையே வெட்டுங்கள்.

உலர்மாதிரி எடுப்பதானால் பூவை நெடுக்காகப் பிளந்து அழுத்துங்கள். நிறம் மங்கிவிடும் என்பதால், பறித்த மணியையும் நிறத்தையும் அங்கேயே சீட்டில் எழுதிவிடுங்கள்.