அம்மாவின் மாத்திரைப் பெட்டி
பெங்களூரிலிருந்து தம்பி வாங்கி அனுப்பிய தானியங்கி மாத்திரைப் பெட்டி பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு அலறும், அந்த வேளைக்கான அறை மட்டும் திறக்கும். எடுக்காவிட்டால் எங்கள் போனுக்குத் தகவல் வரும். அளவை மாற்றுவது டாக்டர் கையில்தான். நல்லது, இல்லையென்றால் பக்கத்து வீட்டு அத்தை பேச்சைக் கேட்டு அம்மாவே பாதியாக உடைத்துப் போடுவார்.

ஆனால் அம்மா சாப்பிட்டாரா என்பது பெட்டிக்குத் தெரியாதே! சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, களி கிண்ட நேரமாகிவிட்டால் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் மூலம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா முதலில் கேட்பதே, "சாப்ட்டீங்களாம்மா?"

சரி, பெட்டியும் இருக்கட்டும். மணியை அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.