வியாசர்பாடி கடையில் சிஸ்டம்டியைக் கழற்றிய கதை

வியாசர்பாடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரு நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். ஷட்டவுன் கொடுத்தாலோ, பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ் நிற்கட்டும் என்று, எல்லாவற்றையும் தொடங்கி நிறுத்தும் மேஸ்திரியான சிஸ்டம்டி 90 வினாடி காத்திருக்கும். அதற்குள் யுபிஎஸ் மூச்சை விட்டுவிடும். ஒரே வரியில் அந்த நேரத்தைக் குறைக்கலாம் என்றான் நண்பன். உண்மைதான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக, சிஸ்டம்டி இல்லாத டெபியனான டெவுவன் மேல் ஒரு கண். சாக்கு கிடைத்தது.

2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுத்தது. அது பிடிக்காமல் அந்த வருஷக் கடைசியிலேயே தனிக்குடித்தனம் போனவர்கள்தான் டெவுவன்காரர்கள். அவர்களுடைய முதல் நிலையான பதிப்பு வர 2017 மே ஆகிவிட்டது. ஏன் அவ்வளவு நாள் என்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புரிந்தது.

மென்பொருள் பொதிகளை இறக்கும் முகவரிகளை டெபியன் 12-க்கு இணையான டெவுவனின் டேடலஸ் பதிப்புக்கு மாற்றி, அவை அசலா என்று சரிபார்க்கும் சாவிப் பொதியை நிறுவினேன். அப்புறம் சாதனங்களைக் கவனிக்கும் ஈயூடெவ் (eudev), சிஸ்டம்டிக்குப் பதிலாக வரும் சிஸ்வி இனிட் இரண்டையும் போட்டால் என்ன நடக்கும் என்று, பொதிகளை நிறுவும் ஆப்ட்டிடம் ஒத்திகை பார்க்கச் சொன்னேன். நீக்கப்படுபவை பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. டெஸ்க்டாப்பே அதில் இருந்தது! ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கப்ளிங்கை மட்டும் கழட்டிட்டா பெட்டி தனியா வந்துடுமாடா? பிரேக் பைப்பு இருக்குல்ல?" என்றார். இங்கே பிரேக் பைப், சிஸ்டம்டியோடு வரும் லாகின்ட். யார் உள்ளே நுழைந்திருக்கிறார், யாருக்கு ஷட்டவுன் செய்ய, பென்டிரைவ் திறக்க அனுமதி என்று கணக்கு வைப்பது அதுதான். அதைத் தனியாகப் பிரித்தெடுத்த வடிவம் எலோகின்ட். அதையும், லாகின் சரிபார்ப்பைக் கவனிக்கும் பாமோடு (PAM) அதை இணைக்கும் பொதியையும் அதே கட்டளையில் சேர்த்ததும் பட்டியல் சுருங்கியது.

நிறுவி முடித்து ரீபூட் அடித்தால், இனிட்டுக்குச் சேதி சொல்லும் இனிட்சிடிஎல் கோப்பைக் காணோம் என்றது. வட்டில் இருப்பது புது இனிட், நினைவகத்தில் ஓடுவது பழைய சிஸ்டம்டி. ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவில்லை. நினைவகத்தில் மிச்சமிருப்பதை வட்டில் எழுதிவிடும் சிங்க் கட்டளையைக் கொடுத்துவிட்டு வலுக்கட்டாயமாக ரீபூட் செய்தேன். அந்த அரை நிமிஷம் வயிற்றைக் கலக்கியது.

வந்தது. நெட்வொர்க் கார்டு மட்டும் ஈத்0 என்று பழைய பெயருக்குத் திரும்பியிருந்தது. நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பெயரைத் திருத்தினேன், வேலை முடிந்தது. மிச்சமிருந்த சிஸ்டம்டி பொதிகளையும் துடைத்தாயிற்று.

திங்கட்கிழமை காலை முதல் வாடிக்கையாளர், காலேஜ் பையன், புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு. "அண்ணா, சீக்கிரம் எடுத்துக் குடுங்க." பென்டிரைவைச் செருகினால் அனுமதி இல்லை என்கிறது. யார் உள்ளே இருக்கிறார் என்று காட்டும் லாகின்சிடிஎல் அடித்தேன், ஒரு செஷன்கூட இல்லை. பாம் கோப்பில் இன்னமும் பழைய சிஸ்டம்டி வரியே இருந்தது. போன வருஷம் அந்தக் கோப்பில் நானே கையை வைத்திருந்தேன். கையால் திருத்திய கோப்பை டெபியன் குடும்பம் தானாகத் தொடாது, நல்ல பழக்கம்தான். அந்தக் கோப்பைப் புதுப்பிக்கும் பாம் ஆத் அப்டேட்டைக் கட்டாயப்படுத்தி ஓட்டி, வெளியேறி மீண்டும் நுழைந்ததும் என் செஷன் சீட்0 என்ற இருக்கையோடு தெரிந்தது. பையன் அதற்குள் எதிர்க்கடைக்குப் போய்விட்டான்.

செவ்வாய் மதியம் கரண்ட் போனது. ஷட்டவுன் கொடுத்தேன். திரை அணைந்த பிறகும் யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.