சிவன்மலையில் ஒரு மஞ்சள் பை

காங்கேயத்தில் மாமா வீட்டுக்குப் போனால் இலை போடுவதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடும். "பெட்டியில இப்ப என்ன வெச்சிருக்குதுன்னு தெரியுமா மாப்ளே?"

பெட்டி என்றால் சிவன்மலை ஆண்டவரின் உத்தரவுப் பெட்டி. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து, இன்ன பொருளை என் சன்னிதியில் வை என்பார். கனவு கண்டவர் மலைக்கு வந்து சொல்ல வேண்டும். சாமி முன்னால் பூ வைத்துக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. உத்தரவாகிவிட்டால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். இன்னொருவர் கனவில் இன்னொரு பொருள் வரும்வரை அங்கேயே இருக்கும். அது பத்து நாளாகவும் இருக்கலாம், பல மாதங்களாகவும் இருக்கலாம். பெட்டிக்குள் வந்த பொருளுக்கு நாட்டில் ஏதோ ஒன்று நடக்கும் என்பது நம்பிக்கை. விலை ஏறும், அல்லது இறங்கும், அல்லது அதனால் ஆபத்து வரும். எது நடந்தாலும் பலித்ததாகிவிடும் இந்த 'அல்லது'தான் எனக்கு எப்போதும் இடிக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமாவின் டிவிஎஸ் ஐம்பதில் கிளம்பினோம். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், அதன் நிழலில் அசையாமல் நிற்கும் மாடுகள். மழை பெய்து ரொம்ப நாளாகியிருந்ததால் புல் எல்லாம் சாம்பல் நிறம். மாமாவுக்கு முழங்கால் வலி, அதனால் வண்டிப் பாதையில் போய்விட்டார். நான் படி ஏறினேன். 496 படி என்று சொல்வார்கள். என் கணக்கு நூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கியதில் விட்டுப்போனது.

பெட்டிக்குள் அன்றைக்கு ஒரு செம்பில் தண்ணீர். அவ்வளவுதான். விளிம்பில் லேசாகப் புளிக்கறை தெரியும் சாதாரணப் பித்தளைச் செம்பு. கண்ணாடியில் கூட்டத்தின் விரல் ரேகைகள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அதைப் பார்த்ததும், "இந்த வருசம் பி.ஏ.பி. தண்ணி கடைமடைக்கு வந்துருமுங்க" என்றார். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் தண்ணீரைச் சொல்கிறார். பின்னால் இருந்த அம்மா, "எங்கீங்க, கெணறு வத்தப் போகுதுன்னுதான் காட்டுது" என்றார். ஒரு பையன் புயல் என்றான். ஒரே செம்பு, ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று எதிர்காலம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னால் பெட்டியில் தண்ணீர் இருந்தது என்பது இந்த வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. சரி, இருந்திருக்கட்டும். ஆனால் நொய்யலில் சாயக்கழிவு, ஒரத்துப்பாளையம் அணை, வாய்க்கால் முறைத்தண்ணீர்ச் சண்டை என்று தண்ணீர்ப் பேச்சு இல்லாத வருஷம் இங்கே எது? எந்த வருஷம் செம்பை வைத்தாலும் பலிக்கும்.

இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பழைய கதை ஒன்றை எடுத்தார்.

ஒரு முறை பெட்டிக்கு மஞ்சள் வந்தபோது, விலை ஏறப் போகிறது என்று ஊரே பேசியது. மாமா 40 மூட்டை விரலி மஞ்சளை விற்காமல் குடோனில் அடுக்கிவிட்டார். விலை ஏறவில்லை. இறங்கி, இறங்கி, கடைசியில் வண்டு விழுந்து சாக்கு சாக்காகத் தூள் கொட்டியது. அத்தை அந்த வருஷம் முழுக்க மஞ்சள் என்ற வார்த்தையையே வீட்டில் பேச விடவில்லை.

"அப்புறமும் எப்படிங்க மாமா நம்பறீங்க?"

"சாமி மஞ்சளைத்தான் வெக்கச் சொல்லுச்சு. எச்சா விக்கும்னு சொல்லுச்சா? அது நாமளா சொல்லிக்கிட்டது."

எனக்குப் பதில் வரவில்லை. நான் சொல்ல வந்ததையே அவர் நம்பிக்கைப் பக்கம் நின்றுகொண்டு சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. "வெள்ளைக்காரனே நம்புனான், நீ என்ன" என்று பவானிக்குத் தாவினார். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ, பவானி சங்கமேஸ்வரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு 1804-ல் தந்தக் கட்டில் கொடுத்தார். அவர் கையெழுத்தோடு அது இன்னும் அங்கே இருக்கிறது. மழை கொட்டிய ஒரு ராத்திரி சின்னப் பெண் ஒருத்தி வந்து அவரை வெளியே கூட்டிப்போனாள், அவர் வெளியேறியதும் பங்களா இடிந்து விழுந்தது என்பது கதை. கட்டிலை நான் மறுக்க முடியாது. அந்தப் பெண்ணைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

திரும்பும் நேரத்தில்தான் அந்த அம்மாவைக் கவனித்தேன். அறுபது வயதிருக்கும். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தரும் மஞ்சள் பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனவு வந்ததாம், விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்திருக்கிறார். உள்ளே பூக் கேட்டார்கள். பூப் பொட்டலத்தைப் பிரித்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு.

அழுவார் என்று நினைத்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல் எழுந்துவிட்டார். இப்படித் திரும்பிப் போன பைகள் எத்தனை இருக்கும்? பெட்டிக்குள் போனது மட்டும் பேப்பரில் வருகிறது, நாமும் அதை வைத்துத்தான் பலித்ததா இல்லையா என்று வழக்காடுகிறோம்.

படிக்கட்டுப் பக்கம் போனவரை மாமா விடவில்லை. "பையில என்னங்கம்மா கொண்டாந்தீங்க?"

"சாமியே வேண்டாம்னுருச்சுங்க. அப்புறம் அதைச் சொல்லி என்னங்க ஆகப் போகுது" என்று சிரித்துவிட்டு, பையை இடுப்போடு அணைத்தபடி இறங்கத் தொடங்கினார். பை கனமாகத்தான் இருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார்.

ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. செம்பு மறந்துபோய்விட்டது. அந்த மஞ்சள் பை மட்டும் இரண்டு தடவை கனவில் வந்துவிட்டது, இரண்டு தடவையும் முடிச்சை அவிழ்ப்பதற்குள் விழித்துவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பூக் கேட்க என்னை மலைக்குக் கூட்டிப்போய்விடுவார்.