டிசம்பர் குறிப்புகள்: கேக்கும் கையெழுத்தும்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்ததும் ஏழைகளுக்கு உதவும் எங்கள் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம். எட்டுப் பேர் வந்திருந்தோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி பையைச் சுற்றவிடுவது வழக்கம். இந்த வாரம் 1,340 ரூபாய். ஆனால் சிறையில் கைதிகளுக்கு நடத்தும் கிறிஸ்துமஸ் என்றால் பணம் தானாக வந்துவிடும். கேக்குக்கு ஒரு குடும்பம், சோப்புக்கும் பேஸ்டுக்கும் ஒரு குடும்பம், துவர்த்துக்கு, அதாவது துண்டுக்கு, துபாயிலிருந்து ஒருவர்.

செபமாலை, எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துப் பிள்ளைகளின் பொறுப்பு. கம்பியில் கோத்தது உள்ளே போகாது. போன வருடம் வாசலில் வார்டர் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, கம்பி தட்டுப்பட்டதையெல்லாம் மேசை ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். இந்த முறை வெறும் நூல்தான், மணிக்குப் பதில் முடிச்சு. ஐம்பத்து மூன்று மணி வேண்டிய இடத்தில் 51 முடிச்சோடு நிறுத்திவிட்ட ஒரு பிள்ளை, "தாத்தா, அவங்க எண்ணியா பாக்கப் போறாங்க?" என்றாள். எண்ணுவார்கள் பிள்ளே, அவர்களுக்கு வேறு என்ன வேலை. அவிழ்த்து மறுபடியும் போடச் சொன்னேன்.

டிசம்பர் 11, புதன்

நிகழ்ச்சிக்கு அனுமதிக் கடிதம் கொடுக்கச் சிறைக்குப் போனேன். மழை. மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வந்தவர்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். அதில் கடற்கரை ஊர்க்காரம்மா ஒருவர், மீன் விற்கிறவர். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு கைலி, ஒரு சீப்பு மட்டிப்பழம். பழத்தை உள்ளே விடவில்லை என்று என்னிடம் ஒன்று பிய்த்துக் கொடுத்தார்.

மகனுக்கு 22 வயது. பஸ் ஸ்டாண்டில் செல்போன் திருடியதாக வழக்கு. செய்தானா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நவம்பர் 18-ஆம் தேதியே ஜாமீன் கிடைத்தாயிற்றாம். அப்புறம் ஏன் இன்னும் உள்ளே? 10,000 ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், ஒருவர் இரத்த உறவு. இரத்த உறவுக்கு அம்மா இருக்கிறார். இரண்டாவது ஆள் இல்லை. ஆள் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவன் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவன்தான், போன் எடுக்கவில்லை.

சாயங்காலம் தெரிந்த வக்கீலுக்குப் போன் செய்தேன். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. இவனுக்கும் அப்படித்தான் ஜாமீன் கிடைத்திருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்றும் உண்டு, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை. "எல்லாம் மனு போட்டு நடக்கணும் அண்ணாச்சி. ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டா அன்னைக்கே முடிஞ்சிரும்" என்றார்.

டிசம்பர் 14, சனி

தக்கலைக்குப் போய், துணிக்கடை வைத்திருக்கும் பாயிடம் கைலி மொத்தமாக எடுத்தேன். சிறைக்கு என்றதும் விலையைக் குறைத்தார். இஸ்லாத்தின் கட்டாயத் தானமான சக்காத் வாங்கத் தகுதியான எட்டு வகையினரில், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவர்களும் உண்டு என்றார். ஒரு நோன்பு மாதத்தில் இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, அபராதம் கட்ட முடியாமல் கிடந்த இருவருக்குப் பணம் கட்டினார்களாம். அதில் ஒருவர் இந்து. பணம் கட்டினது சரி, ஜாமீன் நின்றதுண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி, முட்டிடிச்சான் பாறைக்குப் போனேன். கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைக் கைதியாக இழுத்துக்கொண்டு போனபோது தாகத்துக்குத் தண்ணீர் சுரந்த இடம் என்று நம்பிக்கை. 1749-இல் பிடித்தார்கள், 1752 ஜனவரி 14-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் மூன்று வருடம் கைதி. அவருக்கு வேதம் சொன்ன டச்சுப் படைக்காரர் டிலனாயும் குளச்சல் போரில் பிடிபட்ட கைதிதான். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை. 2022-இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாங்கள் வெடி போட்டோம். இப்போது அங்கே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

கூட்டத்தில் பையன் விஷயத்தைச் சொன்னேன். ஜாமீனுக்கு யார் வருகிறீர்கள்? மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். ஒருவர் பென்ஷன்காரர், நானும் பென்ஷன்காரன்தான். "கேக்கு வேணும்னா இன்னும் பத்து கிலோ சேத்துப் போடலாம்" என்றார் பொருளாளர். கோபம் வந்தது. ஆனால் நானும் புதன்கிழமையிலிருந்து வேறு ஆளைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். "அவன் ஓடிட்டான்னா?" என்றாள். பத்தாயிரம் கட்டணும் என்றேன். "பத்தாயிரமா பெருசு? போலீசு நம்ம வாசலுக்குல்லா வரும். சின்னவளைக் கெட்டிக் குடுக்கணும்னு ஓர்ம இருக்கட்டு." அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ராத்திரி மீன்குழம்பில் உப்பு இல்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

நானே ஜாமீன் நிற்கக் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டு வரி ரசீது. வரி ரசீதைப் புரட்டிய கிளார்க், "போன அரையாண்டு கட்டலியே" என்றார். நாற்பது வருடம் அடுத்தவர் கணக்கு எழுதிய கை! அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில், அந்த 3,000 ரூபாய்க்காரன் வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன். வெளியே வந்து கைபேசியிலேயே வரியைக் கட்டி ரசீதைப் பிரிண்ட் எடுத்து வருவதற்குள் நேரம் போயிற்று.

டிசம்பர் 23, திங்கள்

முடிந்தது. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்: ஒருவருமில்லை. போட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை. பக்கத்தில் அந்தம்மாவின் ரேகை. மீன் செதில் தேய்த்த விரல், கோடே சரியாக விழாமல் மூன்று தடவை வைத்தார்கள்.

இருட்டும்போது பையன் வெளியே வந்தான். நான் நினைத்ததைவிடக் குள்ளம். கழுத்தில் நூல் செபமாலை, சனிக்கிழமை சிறை நிகழ்ச்சியில் கொடுத்தது. கேக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல். "எனக்க பக்கத்துல கெடக்க ஆளுக்குக் குடுத்தேன். அவருக்கு மனு பாக்க யாரும் வாறதில்ல" என்றான். அந்த ஆளுக்கும் ஜாமீன் கிடைத்து இரண்டு மாதமாம்.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்று நிபந்தனை. நாளைக்கே தொடக்கம், கிறிஸ்துமஸ் அன்றும் உண்டு. அவர்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு நம்பரை வாங்கிக்கொண்டு, ஒன்பதரைக்கு நான் அலாரம் வைத்திருக்கிறேன்.