ஓதம் ஏறிய சுவரில் ஓவியம் நிற்காது

தெருச்சுவரில் வரைந்த ஓவியம் முதல் மழைக்காலம் முடிவதற்குள் பொரிந்து உரிந்தால், திட்டு வாங்குவது பெயிண்ட்தான். பாவம், பெரும்பாலும் அதன்மேல் குற்றமில்லை. சுவருக்குள் ஓதம் இருந்திருக்கும். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பது எளிது. 45 செ.மீ. சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ அங்கே வரையாதீர்கள். தரையை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று ஒட்டினால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் புரியும். உச்சி நனைந்திருந்தால் சுவரின் தலையில் விரிசல். அடி நனைந்திருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மதிலின் பின்பக்கம் மண் மேடாகக் கிடந்தால், அதை அகற்றாமல் என்ன பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தாலும் வீண்.

வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உடனே பைப்பைத் திறக்காதீர்கள். கரைந்த உப்பு மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, சில நாள் கழித்துத் திரும்பப் பூக்கிறதா என்று பார்ப்பதே சரி. பழைய சுண்ணாம்பை உள்ளங்கையால் தேய்த்தால் மாவு ஒட்டும். அதன்மேல் அடிக்கும் எதுவும் அந்த மாவோடு சேர்ந்து உதிரும், சுரண்டித்தான் ஆகவேண்டும்.

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும். சிமென்ட்டின் காரம் எனாமலில் இருக்கும் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். அதனால்தான் சில சுவர்களில் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கிறது. காரம் தாங்கும் அக்ரிலிக் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன் என்பதே பாதுகாப்பான வழி. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் பிரைமர் 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான சுவர் அதில் பாதிக்கே குடித்துவிடும்.

பெர்லின் சுவரில் மிஞ்சிய 1.3 கி.மீ. நீளத்தில் 1990இல் வரைந்த ஈஸ்ட் சைடு கேலரி ஓவியங்களுக்கும், சுவர் கெட்டால் ஓவியமும் கெடும் என்ற இதே கதிதான். கான்கிரீட்டே சிதைந்துவிட்டதால், 2009இல் அதைச் செப்பனிட்டுப் பெரும்பாலானவற்றைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று.

காகிதத்தில் போட்ட ஸ்கெட்ச்சைச் சுவரில் பெரிதாக்கக் கட்டம் போடுவது பழைய முறை. அதைவிடச் சுவர் முழுக்க எழுத்தும் கிறுக்கலுமாக நிரப்பி, நேர் எதிரே நின்று போட்டோ எடுத்து, அதன்மேல் ஸ்கெட்ச்சைப் பாதி ஒளிபுகும்படி போனில் பொருத்துவது வேகம். 'க'வின் வால் முடிகிற இடத்தில் மூக்கு நுனி, வட்டத்தின் இடப்பக்கம் காது என்று பார்த்துக்கொண்டே போகலாம். சாய்ந்து நின்று எடுத்தால் முகம் கோணும்.

ஸ்ப்ரே கேனை அடிக்கும் முன் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கையை அசைக்கத் தொடங்கிய பிறகே அழுத்த வேண்டும். நிறுத்தும் முன் விரலை எடுக்க வேண்டும். பெயிண்ட் வழிவதெல்லாம் கை நின்ற இடத்தில்தான். மெல்லிய கோட்டுக்கு ஒல்லி கேப்போடு (கேனின் தலையில் மாட்டும் சிறு துளை முனை) 2, 3 செ.மீ. நெருக்கம், புகைபோல மங்க 30 செ.மீ. தூரம். முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அடித்தால் கேப்பின் துளை அடைக்காது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது; கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை: ஃப்ளோரசன்ட் வண்ணங்கள் வெயிலில் சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். இரும்பு ஆக்சைடு செம்மண் நிறங்களும் தாலோ என்ற நிறமியின் நீலமும் பச்சையும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்.

மேலே பளபளவென்று பாலியூரிதேன் வார்னிஷ் அடிக்க ஆசை வரும். சுவர் முழுக்க உலர்ந்ததா என்று உறுதியில்லையென்றால் வேண்டாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, ஓவியத்தையும் சேர்த்துத் தோலாக உரித்துவிடும். ஈர ஆவியை வெளியே விடும் மேட் பூச்சே மேல். மண்ணும் சேறும் தெறிக்கும் அடிப்பகுதி 60 செ.மீ. எப்படியும் முதலில் கெடும். அங்கே முகம், எழுத்து எதுவும் வைக்காமல் ஒரே அடர் நிறமாக விட்டால், மிச்ச பெயிண்ட்டை வைத்தே வருஷாவருஷம் ஒரு ரோலரில் சரிசெய்யலாம்.