துடுப்பு நறுக்கிய மீன்

“இதுவும் இந்த ஆற்றைத் தேடி வந்த மீன்தானே, ஏன் மேலே விடமாட்டேன் என்கிறீர்கள்?” என்று அந்தப் பழங்குடிப் பெரியவர் கேட்டார். நான் சொன்ன பதில் சரியானதுதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்புறம் ஏன் அந்தக் கேள்வி இன்னும் குடைகிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பகுதியில் கலக்கும் ஆறுகளில், முட்டையிட மேலேறும் மீன்களை நிறுத்திப் பிரிக்கும் தடுப்பு வேலியில் நிற்பவர்களுக்கு இது அன்றாட வேலை. முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சின்னக் கொழுப்புத் துடுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பொரிப்பகத்து மீன், அதாவது முட்டையை மனிதர் பொரிக்கவைத்து வளர்த்த மீன்; குஞ்சிலேயே நறுக்கிவிடுவார்கள். அன்று வந்தது ஒரு பெண் சினூக் சால்மன். வெண்கல நிறத்துக்கு மாறிய உடம்பு, முட்டையால் உப்பிய வயிறு, துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு தழும்பு. காலையிலிருந்து, ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன் ஒன்றுகூட வரவில்லை.

நான் ஆரிகன் மாநிலத்து ஹூட் ஆற்றைப் பற்றிச் சொன்னேன். கடலுக்குப் போய்வரும் டிரவுட் வகையான ஸ்டீல்ஹெட் மீன்களை வைத்து அங்கே செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. பொரிப்பகத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தாலே ஆற்றில் இனம் பெருக்கும் திறன் குறைகிறது என்றது. இங்கே சினூக் 1999 முதல் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. பொரிப்பக மீன் காட்டு மீனோடு கலப்பதை அனுமதிக்க முடியாது.

அவர் மறுக்கவில்லை. “கரையில் மரத்தை வெட்டினீர்கள். மீன் குறைந்ததும் பொரிப்பகம் கட்டினீர்கள். இப்போது அந்த மீனும் ஆகாது என்கிறீர்கள்” என்றார். 1974-ல் அமெரிக்க நீதிபதி போல்ட் தந்த தீர்ப்பு, பிடிக்கத்தக்க மீனில் பாதியை அவருடைய மக்களுக்கு உறுதி செய்தது. மீனே இல்லாவிட்டால் எதில் பாதி? நான் அந்த நாட்டுக்கு வந்ததே பிற்பாடுதான். ஆனால் சம்பளம் அந்த மீன்வளத் துறையில்தானே வாங்கினேன்.

நிழல் போனால் தண்ணீர் சூடாகும். வண்டல் வந்து கூழாங்கல் இடுக்கை அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. காட்டு மீன் முட்டையும் அதே சேற்றில்தான் மூச்சுத் திணறும். மேலே இருக்கும் நிலம் எங்கள் கையில் இல்லை, வேலிக் கதவு இருக்கிறது. அதனால்தான் மரபணுவை இவ்வளவு கறாராகக் காக்கிறோமோ? அதே மாநிலத்து எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை அணைகளை இடித்தபோது பொரிப்பகக் குஞ்சுகளையும் விட்டார்கள், அதை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். வழக்குப் போட்டவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த மீனின் முட்டை வீணாகவில்லை, பொரிப்பகத்துக்குப் போனது. அந்தக் குஞ்சுகளின் துடுப்பையும் நறுக்கித்தான் விட்டிருப்பார்கள். சில ஆண்டுகளில் அவை திரும்பி வரும்போது, கரையில் மரம் நட்டிருந்தாலும் நடாவிட்டாலும், வேலியில் நிற்பவர் முதலில் முதுகைத்தான் பார்ப்பார்.